இனி_செட்: பொத்தான் யார் கையில்?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. நிரல் எழுதாதவங்களும் படிக்கலாம், முடிஞ்ச வரைக்கும் சாம்பார் மாதிரி கரைச்சிருக்கேன். பொறுமை இல்லாதவங்க நேரா 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்கிற பகுதிக்குத் தாவிடலாம் :)

பிஎச்பி-யில் 'இனி_செட்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கு. 'இனிஷியலைசேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூணு எழுத்துதான் அந்த 'இனி'. ஆனா தமிழ்க் காதுக்கு அது 'இனிமேல்' என்றுதான் விழும். யோசிச்சுப் பார்த்தா அர்த்தமும் பொருந்துது. ஓடிக்கிட்டு இருக்கிற மொழியைப் பார்த்து "இனிமே இப்படி நடந்துக்கோ" என்று சொல்கிற ஃபங்ஷன் அது.

இந்த செமஸ்டர்ல மொழி உருவாக்கம் பத்தி ஒரு பாடம். மூணு பேர் சேர்ந்து ஒரு குட்டி மொழிக்கு இன்டர்ப்ரட்டர் எழுதணும். அடுத்த வருஷம் வர்ற முதலாமாண்டுப் பசங்க அதுலதான் பயிற்சி செய்யப் போறாங்க. என் தலையில விழுந்தது செட்டிங் பகுதி. எண்ணை அச்சிடும்போது புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம், ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே எத்தனை ஆழம் வரை கூப்பிடலாம், எவ்வளவு நினைவகம் எடுத்துக்கலாம், எழுத்துக் குறியாக்கம் எது... இதையெல்லாம் நிரல் ஓடும்போதே மாத்த ஒரு வழி வேணும்.

"பேரையும் மதிப்பையும் கொடுத்தா மாத்துற ஒரே ஒரு ஃபங்ஷன் போடு, அரை நாள் வேலை" என்றான் கூட இருக்கிற பையன். "ஒரு வாரம் குடுடா, பழைய மொழிக்காரங்க என்ன பண்ணாங்கன்னு பார்த்துட்டு சொல்றேன்" என்று வாங்கிக்கிட்டேன். அந்த ஒரு வாரத்துல படிச்சதுதான் இந்தப் பதிவு. படிக்கப் படிக்க, இது சின்ன விஷயமே இல்லைன்னு புரிஞ்சுது.

முதல் பொத்தான்: எண்ணிக்கை எங்கே ஆரம்பிக்குது?

ஏபிஎல் மொழியிலிருந்து ஆரம்பிக்கலாம். கென்னத் ஐவர்சன் 1962-ல் வெளியிட்ட 'எ ப்ரோக்ராமிங் லாங்குவேஜ்' என்ற புத்தகத்தின் பெயர்ச் சுருக்கம்தான் மொழியின் பெயர். 1966-ல் ஐபிஎம்-இல் ஏபிஎல்\360 என்ற பெயரில் அது ஓட ஆரம்பிச்சுது.

கணிதக்காரர்கள் வரிசையின் முதல் உறுப்பை 1 என்பார்கள். சிலர் 0 என்பார்கள். இந்தச் சண்டை இன்னிக்கும் ஓயலை. ஏபிஎல் ஆட்கள் "எதுக்கு சண்டை, ரெண்டும் வெச்சுக்கோங்க" என்று ஒரு செட்டிங்கைக் கொடுத்துட்டாங்க. முனையத்தில் உட்கார்ந்து 'ஆரிஜின்' என்ற கட்டளையைத் தட்டினால், அன்றைய வேலை முழுக்க எண்ணிக்கை 0-வில் இருந்தோ 1-ல் இருந்தோ தொடங்கும்.

இதுல சிக்கல் ரெண்டு. ஒண்ணு, அந்தக் கட்டளை மொழிக்கு வெளியே இருந்தது. மனுஷன் விசைப்பலகையில் தட்டறதுக்குன்னு செய்தது. நிரலுக்குள்ளே இருந்து மாத்தணும்னா சுத்துவழிதான். ரெண்டாவது, நான் 1-ல் ஆரம்பிக்கும்னு நம்பி எழுதின ஃபங்ஷனை, 0-வில் வேலை பார்க்கிற நீங்க கூப்பிட்டா, பிழை எதுவும் வராது. விடை மட்டும் ஒரு இடம் தள்ளி வரும். இதை விட ஆபத்தான பிழை உண்டா?

1973-ல் வந்த ஏபிஎல்எஸ்வி இதுக்கு அழகான ஒரு தீர்வு சொன்னது. செட்டிங்கை எல்லாம் மாறிகளாக ஆக்கிட்டாங்க. 'சிஸ்டம் மாறிகள்' என்று பெயர். பெயருக்கு முன்னால் ஒரு கட்டம் போட்டிருக்கும். எண்ணிக்கையின் தொடக்கம் ஒரு மாறி, அச்சிடும் இலக்கங்கள் ஒரு மாறி, வரியின் அகலம் ஒரு மாறி, ரெண்டு எண்கள் 'சமம்' என்று எடுத்துக்கொள்ள எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்பதும் ஒரு மாறி. மத்த மாறிகளைப் போலவே இதையும் ஒரு ஃபங்ஷனின் தலைப்பு வரியில் 'இது எனக்கு உள்ளூர்' என்று அறிவிக்கலாம். உள்ளே 1 என்று வெச்சுக்கோ, வெளியே வந்ததும் பழைய மதிப்பு தானா திரும்பிடும்.

அம்பது வருஷத்துக்கு முன்னாடி இவ்வளவு தெளிவா யோசிச்சிருக்காங்க! ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. நான் உள்ளூரா வெச்ச மதிப்பு, நான் கூப்பிடுற அடுத்த ஃபங்ஷனுக்கும் சேர்ந்தே போகும். அந்த ஃபங்ஷனை எழுதினவர் அறிவிக்க மறந்திருந்தா, என் விருப்பம் அவர் வீட்டுக்குள்ள நுழைஞ்சிடும்.

பெர்ல் மொழியிலும் இதே பொத்தான் இருந்தது, டாலர் குறிக்குப் பக்கத்தில் ஒரு சதுர அடைப்பு. முதல்ல அது நிரல் முழுக்கச் செல்லும். 1994-ல் வந்த பெர்ல் 5, அதன் வீச்சை ஒரு கோப்புக்குள் அடைச்சுது. கடைசியா 2019-ல் வந்த 5.30-ல், அதில் 0 தவிர வேற எது வெச்சாலும் நிரலே நின்னுடும் என்று கதையை முடிச்சாங்க. ஒரு பொத்தானைப் பிடுங்க முப்பது வருஷத்துக்கு மேல!

துருக்கிக்காரரின் 'ஐ'

அடுத்தது சி மொழி. 1989-ல் வந்த ஆன்சி சி தரத்தில் 'செட்லொகேல்' என்று ஒரு ஃபங்ஷன். இந்த நாட்டு வழக்கப்படி எண்ணை எழுது, இந்த மொழி வழக்கப்படி பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தா மாத்து என்று சொல்றதுக்கு. நல்ல நோக்கம்தான். ஆனா அது ஓடுகிற நிரல் முழுமைக்குமான ஒரே பொத்தான்.

நான் இருக்கிற ஜெர்மனியில் ஒன்றரை யூரோவை 1,5 என்றுதான் எழுதுவாங்க. கடையில் பரவாயில்லை. வலைத்தளத்தை ஜெர்மன் வழக்கத்துக்கு மாத்தின ஒரு பிஎச்பி நிரல், அதே கையோட ஒரு தசம எண்ணை டேட்டாபேஸ் கட்டளைக்குள் ஒட்டினா? 1.5 என்ற ஒரு எண், 1 என்றும் 5 என்றும் ரெண்டு மதிப்பா உடைஞ்சு போகும். மனுஷன் கண்ணுக்குக் காட்ட வெச்ச செட்டிங், இயந்திரத்துக்கு எழுதின வரியையும் மாத்திடுச்சு. தசம எண்ணைச் சரமாக மாத்தும்போது நாட்டு வழக்கத்தைப் பார்க்காதே என்று பிஎச்பி முடிவெடுத்தது 2020-ல் வந்த 8.0 பதிப்பில்தான்.

இதையும் தூக்கிச் சாப்பிடுற கதை துருக்கியில் இருந்து. துருக்கி மொழியில் புள்ளி வெச்ச 'ஐ' வேற, புள்ளி வைக்காத 'ஐ' வேற எழுத்து. ஆங்கிலத்துப் பெரிய 'ஐ'-யைச் சின்னதாக்கினா, துருக்கி வழக்கப்படி புள்ளி இல்லாததுதான் வரணும். பிஎச்பி-யிலோ கிளாஸ் பெயர்களில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. எல்லாத்தையும் சின்னதாக்கித்தான் உள்ளே வெச்சுக்கும். ஆக, பெயரில் பெரிய 'ஐ' உள்ள ஒரு கிளாஸை முதல்ல அறிவிச்சுட்டு, அப்புறம் துருக்கி வழக்கத்துக்கு மாத்தினா, "அப்படி ஒரு கிளாஸே இல்லையே" என்று மொழி கையை விரிச்சிடும்! நிரலில் ஒரு எழுத்து தப்பு இல்லை. 2002-ல் பதிவான இந்தப் பிழை, 2013-ல் வந்த 5.5 பதிப்பில்தான் சரியாச்சு. பதினொரு வருஷம். ஒரு துருக்கிக்காரர் தன் மொழியில் தளம் நடத்தினதுக்குக் கிடைச்ச பரிசு.

இதைப் படிக்கும்போது எனக்கு சிரிப்பு வரலை. ஆங்கிலம் தவிர வேற மொழியில் எழுதறவங்க எல்லாருக்கும் இந்த மாதிரி ஒரு அனுபவம் இருக்கும்.

பிஎச்பி: ஹவுஸ்மைஸ்டரும் வாடகைக்காரரும்

இப்ப மெயின் மேட்டர். செட்டிங்குகளின் அருங்காட்சியகம்னா அது பிஎச்பி-தான்.

ஏன் அப்படி ஆச்சு என்பதுக்கு ஒரு நியாயம் இருக்கு. ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட சின்னக் கருவித்தொகுப்பு அது. சீக்கிரமே ஒரே சர்வரில் நூத்துக்கணக்கான ஆட்கள் இடம் வாடகைக்கு எடுத்துத் தளம் நடத்துற காலம் வந்துடுச்சு. சர்வர் ஒருத்தருது. தளம் இன்னொருத்தருது. தளத்தில் போட்ட மென்பொருள் மூணாவது ஒருத்தர் எழுதினது. மூணு பேருக்கும் விருப்பங்கள் வேற வேற.

இங்கே நாங்க நாலு பேர் தங்கியிருக்கிற வீட்டை வெச்சு சொல்றேன். அடித்தளத்தில் ஒரு பாய்லர், அதோட சாவி ஹவுஸ்மைஸ்டர் கிட்ட மட்டும். எங்க வீட்டுக்குன்னு நடையில ஒரு தெர்மோஸ்டாட். ஒவ்வொரு அறையிலயும் ரேடியேட்டர்ல ஒரு திருகு. பிஎச்பி-யும் இதையேதான் செய்தது. சில செட்டிங்குகளை சர்வர்காரர் மட்டுமே மாத்தலாம். சிலதை அடைவு அளவில், அதாவது 'எச்டிஅக்சஸ்' கோப்பில் மாத்தலாம். சிலதை நிரலே 'இனி_செட்' போட்டு மாத்தலாம். நிரல் மாத்தினது அந்த ஒரு பக்கம் ஓடி முடியும் வரைக்கும்தான், அப்புறம் பழையபடி ஆகிடும். யாருக்கு எந்த அதிகாரம் என்பதை ஒவ்வொரு செட்டிங்குக்கும் தனித்தனியா எழுதி வெச்சிருக்காங்க. இந்த யோசனை எனக்கு உண்மையிலேயே பிடிச்சிருக்கு.

சறுக்கினது வேற இடத்துல. எதையெல்லாம் செட்டிங் ஆக்கலாம் என்பதில்.

உதாரணம், 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்'. இது இயங்கினா, முகவரிப் பட்டையில் யார் என்ன பெயரில் மதிப்பு கொடுத்தாலும், அந்தப் பெயரில் நிரலுக்குள் ஒரு மாறி தானாகவே பிறந்துடும். படிவம் எழுத சுலபம், புதுசா கத்துக்கறவங்களுக்கு மாயாஜாலம். ஆனா நிரலுக்குள் 'அனுமதி' என்று ஒரு மாறி இருந்து, கடவுச்சொல் சரியா இருந்தா மட்டும் அதில் 'ஆம்' என்று வெச்சு, தப்பா இருந்தா எதுவும் வைக்காம விட்டிருந்தா? வெளியாள் முகவரியோட கடைசியில் 'அனுமதி=1' என்று சேர்த்தா போதும். கல்யாண வீட்டு வாசலில் வந்தவர் தானே 'மாப்பிள்ளை' என்று பட்டை மாட்டிக்கிட்டு மேடை ஏறின கதைதான் :)

2001 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பில், வெளியிலிருந்து வருவதைத் தனிப் பெட்டிகளில் வாங்கிக்கிற முறை வந்தது. 2002 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் இயல்பாகவே அணைக்கப்பட்டது. நல்லவேளை, முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. முடியலை. பழைய மென்பொருள் எல்லாம் படுத்துடுச்சு. வாடிக்கையாளர் திட்டுவாரேன்னு பயந்தவங்க சர்வரிலேயே திரும்ப இயக்கினாங்க. எச்டிஅக்சஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தா போதும் என்பது எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியமாச்சு. 2009-ல் 5.3 பதிப்பு "இது போகப் போகுது" என்று எச்சரிச்சு, 2012 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பில்தான் ஒரேயடியா நீக்கினாங்க. அணைச்சதில் இருந்து அகற்றினது வரை பத்து வருஷம்.

அந்தப் பின்சாய்கோடு எங்கேர்ந்து வந்துச்சு?

சொந்தமா இடம் வாங்கிப் பதிவு எழுதின பழைய ஆட்களுக்கு இது ஞாபகம் இருக்கும். யாராவது பின்னூட்டத்தில் மேற்கோள் குறி போட்டா, அதுக்கு முன்னாடி ஒரு பின்சாய்கோடு முளைச்சிருக்கும். திருத்திச் சேமிச்சா இன்னும் கூடும். இன்னொரு தடவை திருத்தினா மேலும் மேலும் குட்டி போட்டுக்கிட்டே போகும்.

அதுதான் 'மேஜிக் கோட்ஸ்'. டேட்டாபேஸ் கட்டளைக்குள் மேற்கோள் குறி புகுந்தா ஆபத்து. அதனால் வெளியிலிருந்து வருகிற எல்லாச் சரத்திலும் மேற்கோளுக்கு முன்னாடி மொழியே ஒரு பின்சாய்கோட்டைப் போட்டு வெச்சிடும். தெரியாதவங்களைக் காப்பாத்தணும் என்ற நல்லெண்ணம். ஆனா வர்ற சரம் எல்லாமே டேட்டாபேஸுக்குத்தான் போகுதா? திரைக்குப் போகும், மின்னஞ்சலுக்குப் போகும், கோப்புக்குப் போகும். எங்கே போகப் போகுது என்று தெரியாமலே வாசலில் வெச்சு மருந்து கொடுத்தா, அது சிலருக்கு விஷம்தான்.

இதை 'இனி_செட்' போட்டும் அணைக்க முடியாது. காரணம் எளிமை: நிரலின் முதல் வரி ஓடுறதுக்கு முன்னாடியே சரங்கள் எல்லாம் வந்து, பின்சாய்கோடு போட்டு முடிஞ்சிருக்கும். அப்புறம் பொத்தானைத் திருகி என்ன பிரயோஜனம்? அப்படி முயற்சி பண்ணினா 'இனி_செட்' சத்தம் போடாது. 'இல்லை' என்று ஒரு மதிப்பைத் திருப்பிக் கொடுத்துட்டு அமைதியா இருந்துடும். அந்த மதிப்பை யார் பார்க்கிறாங்க?

இன்னொரு கூத்து. 'மேஜிக் கோட்ஸ் சைபேஸ்' என்று இன்னொரு செட்டிங். அது இயங்கினா பின்சாய்கோட்டுக்குப் பதிலா மேற்கோளையே ரெட்டிப்பாக்கும். அதாவது ஒரு செட்டிங்கின் அர்த்தத்தை இன்னொரு செட்டிங் மாத்துது!

விளைவு என்னன்னா, ஊரெல்லாம் ஓடணும்னு மென்பொருள் எழுதறவங்க எல்லாரும் முதல் பக்கத்துலயே "மேஜிக் கோட்ஸ் இயங்குதா? இயங்கினா எல்லாத்தையும் கழட்டு" என்று ஒரு துண்டு நிரல் ஒட்ட வேண்டியதாச்சு. பொத்தான் ஒருத்தருக்கு வசதி, மத்த எல்லாருக்கும் ரெட்டை வேலை. இதையும் 2012-ல் 5.4 பதிப்பில் தூக்கிட்டாங்க.

போச்சான்னு கேட்டா... வேர்ட்பிரஸ் வேற ஒரு வழி எடுத்தது. சர்வரில் செட்டிங் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நாமே எல்லாச் சரத்திலும் பின்சாய்கோடு போட்டு ஒரே மாதிரி ஆக்கிடுவோம் என்று. அந்தக் கணக்கை நம்பி ஆயிரக்கணக்கான செருகுநிரல்கள் எழுதியாச்சு. அதனால் மொழியிலிருந்து மேஜிக் கோட்ஸ் செத்துப் போய் இவ்வளவு வருஷம் ஆகியும், வேர்ட்பிரஸுக்குள்ளே அந்தப் பின்சாய்கோடு இன்னிக்கும் உயிரோட இருக்கு. பொத்தானைப் பிடுங்கினாலும் பழக்கம் போகலை.

'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து?

நம்ம கணக்குப்படி த, மி, ழ் என்று மூணு. யூனிகோடு கணக்குப்படி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அஞ்சு. யுடிஎஃப்-8 பைட் கணக்குப்படி ஒவ்வொண்ணுக்கும் மூணு, ஆக மொத்தம் 15. பிஎச்பி-யின் சர நீள ஃபங்ஷன் 15 என்றுதான் சொல்லும். அது பைட்டை எண்ணுற ஃபங்ஷன்.

ஜப்பானியர்களுக்கும் இதே தலைவலி. அவங்களுக்காக வந்த 'எம்பிஸ்ட்ரிங்' நீட்சியில் எழுத்தை எண்ண வேற ஃபங்ஷன் உண்டு. அது 5 என்று சொல்லும். இது வரைக்கும் சரி. ஆனா அதே நீட்சியில் ஒரு செட்டிங்கும் வெச்சாங்க. அதை இயக்கினா, பழைய நீள ஃபங்ஷனே சத்தமில்லாம புதுசா மாறிடும். நிரலில் ஒரு வரி கூட மாத்த வேணாம், பழைய மென்பொருள் தமிழும் ஜப்பானியமும் பேச ஆரம்பிச்சிடும். கேட்க எவ்வளவு இனிப்பா இருக்கு!

ஆனா அதே நீள ஃபங்ஷனை நம்பி இன்னும் பலர் இருந்தாங்க. இணையம் வழியா ஒரு பக்கத்தை அனுப்பும்போது இத்தனை பைட் வருதுன்னு முன்கூட்டியே சொல்லணும். அங்கே 15-க்குப் பதிலா 5 என்று சொன்னா, வாங்குற பக்கம் பாதியிலேயே வெட்டிடும். படம், குறிமுறை, சுருக்கம் என்று பைட்டை பைட்டாவே கையாள்கிற நூலகங்கள் எல்லாம் உடையும். 2017-ல் 7.2 பதிப்பில் எச்சரிக்கை கொடுத்து, 2020-ல் 8.0-ல் நீக்கினாங்க. நம்மைப் போன்ற மொழிக்காரங்களுக்கு உதவ வந்த செட்டிங்தான். ஆனா 'இந்த ஃபங்ஷனுக்கு என்ன அர்த்தம்' என்பதையே தூரத்தில் இருந்து மாத்துறது உதவி ஆகாது.

பைதான் ஆட்கள் இந்த விஷயத்துல வேற மாதிரி. 2000-த்தில் வந்த பைதான் 2.0-வில் 'செட்டிஃபால்ட்என்கோடிங்' என்று ஒரு ஃபங்ஷன் வெச்சாங்க. இயல்பான குறியாக்கம் ஆஸ்கி. தமிழ் போன்ற எழுத்து வந்தா உடனே பிழை. அந்த ஃபங்ஷனால் யுடிஎஃப்-8 என்று மாத்திடலாம். ஆனா பைதான் தொடங்கும்போதே, உங்க நிரல் ஓடுறதுக்கு முன்னாடி, அந்த ஃபங்ஷனை அவங்களே அழிச்சிடுவாங்க! பாய்லர் அறைச் சாவியை ஹவுஸ்மைஸ்டர் எடுத்துட்டுப் போற மாதிரி.

நம்ம ஆளுங்க சும்மா விடுவாங்களா? அந்தத் தொகுதியையே மறுபடி ஏத்தினா அழிஞ்ச ஃபங்ஷன் திரும்பி வந்துடும் என்று கண்டுபிடிச்சாங்க. பைதான் 2-ல் தமிழ் உரையோட மல்லுக்கட்டினவங்களுக்கு இந்த ரெண்டு வரி மனப்பாடம். வேலை செய்யும்தான். ஆனா அடியில் ஒண்ணு உடையும். யூனிகோடு 'அ'-வும் பைட் 'அ'-வும் சமம் என்று அப்போ பைதான் சொல்லும். ஆனா ரெண்டுக்கும் ஹாஷ் மதிப்பு வேற. சமமான ரெண்டு பொருளுக்கு ஒரே ஹாஷ் இருக்கணும் என்பது அகராதி அமைப்பின் அஸ்திவாரம். அது போனா, அகராதியில் ஒண்ணை வெச்சுட்டுத் தேடினா, இருக்கிறதே 'இல்லை' என்று வரும். அதுவும் ஆங்கில எழுத்தில் வராது, நம்ம எழுத்தில் மட்டும் வரும்.

உண்மையான தீர்வு 2008 டிசம்பரில் வந்த பைதான் 3. எழுத்து வேற, பைட் வேற என்று ரெண்டையும் பிரிச்சு, கலக்கவே விடாம பண்ணிட்டாங்க. பழைய நிரல்கள் உடைஞ்சுது, மக்கள் திட்டினாங்க, பைதான் 2-க்கான ஆதரவு முடிய 2020 ஜனவரி வரை ஆச்சு. ஆனா அந்தப் பொத்தானுக்குத் தேவையே இல்லாம போச்சு.

பொத்தானில் என்ன அளவு எழுதணும்?

இதுவும் பைதான் கதைதான், சுருக்கமா. பல த்ரெட்கள் ஓடும்போது ஒண்ணு மத்ததுக்கு எப்போ வழி விடணும்? பைதான் 2-ல் இதை 'எத்தனை பைட்கோடு கட்டளைக்கு ஒரு முறை' என்று அமைக்கணும். இயல்பு 100. ஒரு கட்டளை கண்ணிமைக்கிற நேரத்தில் முடியலாம், இன்னொண்ணு பல விநாடி எடுக்கலாம். அப்போ 100 என்பது எவ்வளவு நேரம்? யாருக்கும் தெரியாது. 2011-ல் 3.2 பதிப்பில் அதை விநாடிக் கணக்குக்கு மாத்தினாங்க. இயல்பு 5 மில்லி விநாடி. பயன்படுத்துறவருக்குப் புரியுற அளவு. உள்ளே எப்படி நடக்குது என்பதைப் பொத்தானில் எழுதி வெச்சா, நாளைக்கு உள்ளே மாத்தும்போது பொத்தானும் பொய்யாகிடும்.

பிஎச்பி-யில் நினைவக எல்லையைக் கேட்டா '128எம்' என்று சரமாகத்தான் திரும்ப வரும். அதை எண்ணாக்க ஆளாளுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதினாங்க. மொழியே அதுக்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்தது 2022-ல், 8.2 பதிப்பில்.

கோ மொழியில் சமீபத்தில் செய்ததும் பார்க்க வேண்டியது. 2023-ல் வந்த 1.21 பதிப்பில் இருந்து, மொழி தன் நடத்தையை மாத்தினா, பழைய நடத்தைக்கு ஒரு செட்டிங் தருவாங்க. எந்த நடத்தை வேணும் என்பதை நிரலோட சேர்ந்தே இருக்கிற கோப்பில் எழுதியிருக்கிற பதிப்பு எண் தீர்மானிக்கும். குறைஞ்சது ரெண்டு வருஷம் அந்த செட்டிங் இருக்கும். பழைய நடத்தை எத்தனை தடவை நிஜமா தேவைப்பட்டுது என்று எண்ணிச் சொல்லவும் வழி உண்டு. எச்டிஅக்சஸ் கோப்பில் ஒளிஞ்சிருந்த ரெஜிஸ்டர் குளோபல்ஸுக்கு இப்படி ஒரு எண்ணியும் கெடுவும் இருந்திருந்தா, பத்து வருஷம் ஆகியிருக்காதுன்னு தோணுது.

பிஎச்பி கத்துக்கிட்ட பாடம்

2015 டிசம்பரில் பிஎச்பி 7 வந்தப்போ ஒரு பெரிய விவாதம். ஃபங்ஷனுக்கு எண் கொடுக்க வேண்டிய இடத்தில் சரம் கொடுத்தா, தானா மாத்திக்கணுமா, பிழை சொல்லணுமா? ரெண்டு கட்சி. பழைய பிஎச்பி-யா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஐஎன்ஐ கோப்பில் ஒரு செட்டிங் சேர்த்திருப்பாங்க. இந்த முறை அப்படிச் செய்யலை. கோப்பின் முதல் வரியில் 'ஸ்ட்ரிக்ட் டைப்ஸ்' என்று அறிவிச்சா, அந்தக் கோப்பிலிருந்து செய்கிற அழைப்புகளுக்கு மட்டும் கண்டிப்பு. பக்கத்துக் கோப்புக்கு ஒண்ணும் ஆகாது. சர்வர்காரர் தொட முடியாது. நிரலைப் படிக்கிறவருக்கு விதி கண்ணெதிரே இருக்கு.

ஏபிஎல்எஸ்வி 1973-ல் பாதி தூரம் வந்தாங்க, பெர்ல் 1994-ல் இன்னும் கொஞ்சம் வந்தது, பிஎச்பி இவ்வளவு அடி வாங்கி 2015-ல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கு.

எங்க குட்டி மொழிக்கு என்ன முடிவு?

இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய் கூட இருக்கிற ரெண்டு பேர் கிட்டயும் சண்டை போட்டேன். கடைசியில ஒத்துக்கிட்டது இது.

1. நிரலின் அர்த்தத்தை மாத்துற எதுவும் செட்டிங் கிடையாது. எண்ணிக்கை 0-வில் ஆரம்பிக்கும், குறியாக்கம் யுடிஎஃப்-8. பேச்சுக்கே இடமில்லை.

2. வளம் பத்தினது (நினைவகம், அழைப்பு ஆழம்) ஓட்டுறவர் கையில். நிரல் அதைக் குறைச்சுக்கலாம், கூட்ட முடியாது.

3. அச்சிடும் இலக்கம் மாதிரி விஷயங்களை ஒரு தொகுதிக்குள் மட்டும் மாத்தலாம். தொகுதி முடிஞ்சதும், பிழை வந்து பாதியில் வெளியேறினாலும் கூட, பழைய மதிப்பு திரும்பணும்.

4. மாத்த முடியாததை மாத்த முயன்றா மொழி கத்தணும். அமைதியா 'இல்லை' சொல்லக் கூடாது.

5. ஒவ்வொரு செட்டிங்குக்கும் இப்போ என்ன மதிப்பு, அதை யார் எங்கே வெச்சாங்க என்று கேட்டா சொல்லணும்.

அரை நாள் வேலை என்று சொன்னது இப்போ மூணு வார வேலை ஆகியிருக்கு. அந்தப் பையன் என்னைப் பார்த்தா முறைக்கிறான். பரவாயில்லை, அடுத்த வருஷம் வர்ற பசங்கள்ல துருக்கிக்காரரும் இருப்பார், ஜப்பான்காரரும் இருப்பார், நம்ம ஊர்ப் பிள்ளையும் இருக்கும். அவங்க பேரை அவங்க எழுத்துல எழுதி ஓட்டினா ஒழுங்கா ஓடணும்.

ஒரே ஒரு விஷயத்தில் இன்னும் முடிவு வரலை. தொகுதிக்குள் மாத்தின இலக்கம், அந்தத் தொகுதி கூப்பிடுற அடுத்த ஃபங்ஷனுக்கும் போகணுமா, வேணாமா? போனா ஏபிஎல்-லின் பழைய ஓட்டை. போகலைன்னா, அச்சிடுற வேலையையே இன்னொரு ஃபங்ஷன்தான் செய்யுது, அதுக்கு என் விருப்பம் தெரியாமலே போயிடும். நான் 'போகட்டும்' கட்சி. மத்த ரெண்டு பேரும் 'கூடாது' கட்சி. அடுத்த வியாழக்கிழமைக்குள் முடிவு பண்ணணும். பதிவர்கள்ல மொழி, கம்பைலர் பக்கம் ஆணி புடுங்குறவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல ஒரு வழி சொல்லிட்டுப் போங்க. மேற்கோள் குறி தாராளமா போடலாம், பின்சாய்கோடு முளைக்காது :)